வெந்நீர்த் தொட்டிக்குக் காங்கிரீட் தளம்

ஏழடிக்கு ஏழடி பரப்பும் மூன்றடி உயரமும் உள்ள ஒரு வெந்நீர்த் தொட்டி காலியாக இருக்கும்போது 300 முதல் 450 கிலோ வரை எடை இருக்கும். அதில் 1,300 முதல் 1,700 லிட்டர் வரை தண்ணீர் பிடிக்கும். ஆறு பேர் உள்ளே இறங்கி உட்கார்ந்தால் மொத்த எடை இரண்டரை டன்னுக்கு வந்து நிற்கும். இந்தக் கணக்கைக் கேட்டதும் வீட்டுக்காரர்கள் மலைத்துப்போய், தளம் எத்தனை அங்குலம், கம்பி என்ன பருமன் என்றே விசாரிப்பார்கள். ஆனால் அந்த எடை ஏறத்தாழ நாலரை சதுர மீட்டர் பரப்பில் பரவி இறங்குகிறது. சதுர மீட்டருக்கு அரை டன்னுக்குச் சற்று மேல், அதாவது கனடாவின் கட்டட வேலையில் இன்னும் புழங்கும் பழைய அளவில் சதுர அடிக்குச் சுமார் 110 பவுண்டு. ஒருவர் புல்தரையில் நிற்கும்போது அவருடைய உள்ளங்கால் மண்ணை அழுத்துவது இதைவிட மூன்று மடங்குக்கு மேல். மரத்தால் கட்டிய சாதாரண டெக் இந்தப் பாரத்துக்கு ஆகாது. அதைச் சதுர அடிக்கு 40 பவுண்டு என்ற கணக்கில்தான் கட்டுகிறார்கள். மண் தாங்கிவிடும்.

தளம் கெடுவது வேறு விதமாக. ஒரு பக்கம் அமிழ்ந்து மறுபக்கம் நிற்கும். அல்லது மார்கழி, தை மாதங்களில் ஒரு மூலை மேலே எழும்பி, பங்குனியில் பாதி இறங்கி அப்படியே நின்றுவிடும். தொட்டிக்குள் தண்ணீர் மட்டமாகத்தான் நிற்கும் என்பதால் சாய்வை அதுவே காட்டிக்கொடுக்கும். இரண்டு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலத்தில் 2 செ.மீ. சாய்ந்தாலும் ஒரு விளிம்பில் தண்ணீர் உயர்ந்தும் எதிர் விளிம்பில் தாழ்ந்தும் நிற்பது கண்ணுக்குத் தெரியும். சாய்வு இன்னும் கூடினால் குப்பை உறிஞ்சும் வாயில் தண்ணீர் போதாமல் பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கும். தொட்டியின் உள்ளோடு அக்ரிலிக் தகடு, அதன் முதுகில் கண்ணாடி இழைப் பூச்சு. அடியில் முழுதும் தாங்கல் இல்லாமல் முறுக்கினால் அந்த ஓட்டில் கீறல் விழும். தளம் சரியில்லாததால் வந்த கீறலுக்குத் தயாரிப்பாளர்கள் உத்தரவாதம் தருவதில்லை. ஆகவே டொரன்டோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ப்டன் பக்கம் இந்த வேலை செய்யும் அனுபவசாலிகள் காங்கிரீட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் மண்ணைப் பார்ப்பார்கள், அந்த மண்ணுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பார்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரிய தவறுகள் நேர்கின்றன. குளிரில் ஈரத் துணியோடு நடக்கும் தூரம் குறைய வேண்டும் என்று எல்லோரும் தொட்டியை வீட்டுச் சுவரை ஒட்டி வைக்க விரும்புவார்கள். ஒன்டாரியோ வீடுகளில் நிலவறை உண்டு. அதற்காக இரண்டு மீட்டருக்கு மேல் குழி தோண்டும்போது சுவருக்கு வெளியேயும் ஆள் நின்று வேலை செய்ய இடம் விட்டுத் தோண்டுவார்கள். குழியின் ஓரம் மேலே வரவர இன்னும் அகலும். சுவர் எழுந்த பிறகு அந்த இடைவெளியை எடுத்த மண்ணாலேயே நிரப்புவார்கள். அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்குவது அரிது. இயந்திரம் வாரி உள்ளே தள்ளிவிட்டுப் போய்விடும். அந்த மண் பல ஆண்டுகளுக்கு அமிழ்ந்துகொண்டே இருக்கும். புதுக் குடியிருப்புகளில் சுவரோரப் புல்தரை வாய்க்கால்போல் குழிந்து கிடப்பதும், பின்வாசல் படிக்கு அடியில் கை நுழையும் அளவு இடைவெளி விழுந்திருப்பதும் இதனால்தான்.

அந்த நிரப்பு மண்ணில் பாதியும் தொடாத மண்ணில் பாதியுமாகத் தளம் அமைந்தால் அது வீட்டை நோக்கிச் சாய்வது நிச்சயம். இறங்குவது சீராக இறங்கினாலாவது சமாளிக்கலாம். பாதிப் பாதியாக நிற்கும் தளத்துக்கு மருந்தில்லை. சாய்ந்த தளம் மழைநீரையும் தொட்டியிலிருந்து வழியும் நீரையும் நிலவறைச் சுவருக்கே கொண்டு போய்ச் சேர்க்கும். நிரப்பு எது, பழைய மண் எது என்று கண்டுபிடிக்க ஒரு நீண்ட கம்பி போதும். சுவரிலிருந்து ஒவ்வோர் அடியாகத் தள்ளித் தள்ளி அதைக் கையால் அழுத்திப் பார்க்கலாம். நிரப்பில் கம்பி முழங்கால் ஆழம் வழுக்கிக்கொண்டு போகும். தொடாத களிமண்ணில் ஒரு சாண் இறங்கியதுமே நின்றுவிடும். அந்த எல்லைக்கு அப்பால் தளம் முழுவதையும் நகர்த்துவதே சரி. நகர்த்த வழியில்லையென்றால் நிரப்பை ஆழமாக எடுத்துவிட்டுச் சரளை போட்டு இறுக்கிக்கொண்டு வர வேண்டும், செலவு இரட்டிப்பாகும்.

தளம் வரும் இடத்தைச் சுற்றி இன்னும் சில பார்க்க வேண்டும். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் எங்கே கொட்டுகிறது? நிலவறைத் தண்ணீரை வெளியேற்றும் பம்பின் குழாய் எங்கே முடிகிறது? இந்த இரண்டும் பக்கத்தில் இருந்தால் தளத்தின் அடிமண் ஆண்டு முழுவதும் ஊறியே கிடக்கும். இரண்டு வீட்டு எல்லையில் ஆழமற்ற புல் வாய்க்கால் ஒன்று ஓடும். பல வீட்டு மழைநீர் அதன் வழியாகத்தான் வடியும். அதை அடைத்தால் நகராட்சியிலிருந்து கடிதம் வரும், அதற்கு முன்பே அடுத்த வீட்டில் தண்ணீர் நிற்கும். தொட்டியின் பம்பும் ஹீட்டரும் உள்ள பக்கத்தில் ஆள் குனிந்து வேலை செய்ய இரண்டரை அடியாவது இடம் வேண்டும். மூடியைத் தூக்கி மடிக்கும் கைக்கும் பின்னால் ஒன்றரை, இரண்டடி போகும். தலைக்கு மேல் மின்கம்பி ஓடும் இடம் கூடாது. வெறும் தளத்துக்கென்று கட்டட அனுமதி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. ஆனால் எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும், வேலி வேண்டுமா, பூட்டும் மூடி போதுமா என்பவை ஊருக்கு ஊர் மாறும்.

மண்வெட்டி எடுப்பதற்கு முன் ஒன்டாரியோ ஒன் கால் சேவைக்குச் சொல்லியாக வேண்டும். 2012ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு உண்டு, கட்டணம் இல்லை. நிலத்தடிக் குழாய், கம்பி உடைய நிறுவனங்கள் ஆள் அனுப்பித் தரையில் வண்ணம் தெளித்துக் குறிப்பார்கள். மஞ்சள் எரிவாயு, சிவப்பு மின்சாரம், ஆரஞ்சு தொலைபேசியும் இணையமும், நீலம் குடிநீர், பச்சை கழிவுநீர். கோட்டின் இருபுறமும் ஒரு மீட்டருக்குள் கையால்தான் தோண்ட வேண்டும். வீட்டுக்காரர் தாமே போட்டுக்கொண்ட இணைப்புகளை, கொல்லைப்புற அடுப்புக்கு இழுத்த எரிவாயுக் குழாய், கருவிக் கொட்டகைக்குப் போகும் மின்கம்பி போன்றவற்றை, இவர்கள் குறிக்க மாட்டார்கள். அவற்றை வீட்டுக்காரரிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும். வீடு கைமாறியிருந்தால் அவருக்கே தெரியாமல் இருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு தோண்ட வேண்டும்.

டொரன்டோ வட்டாரத்தில் பனிக்காலக் குளிர் 1.2 மீட்டர் ஆழம் வரை மண்ணை உறையவைக்கக்கூடும் என்பது கட்டடக் கணக்கு. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருகும் என்பது பள்ளிப் பாடம். மண் எழும்புவதற்கு அது மட்டும் காரணமாக இருந்தால் எழும்பல் சிறிதாகவே இருக்கும். நடப்பது வேறு. வண்டலும் நுண்களியும் கலந்த மண்ணில் உறையும் எல்லை கீழிறங்கி ஓரிடத்தில் நிற்கும்போது, அந்த இடம் அடியிலிருக்கும் ஈரத்தை மேல்நோக்கி இழுக்கும். வந்த நீர் அங்கேயே உறையும், மேலும் இழுக்கும். இப்படி மெல்லிய பனித்தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்து மேலிருக்கும் எதையும் தூக்கும். இரண்டரை டன் அதற்கு ஒரு தடையே அல்ல. அந்தப் பனித்தகடுகள் வீட்டு அஸ்திவாரத்தையே தூக்கக்கூடியவை. இதற்குக் குளிர், இந்த வகை மண், தண்ணீர் மூன்றும் வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டால் எழும்பல் நின்றுவிடும்.

குளிரை எடுக்க முடியாது, குறைக்கலாம். 5 செ.மீ. கனமுள்ள கெட்டி நுரைப் பலகையைச் சரளைக்கும் காங்கிரீட்டுக்கும் நடுவே விரித்து, தளத்தின் ஓரத்தைத் தாண்டி இரண்டடி மண்ணுக்குள்ளும் நீட்டி வைத்தால் உறைவு அடியில் நுழைவது வெகுவாகக் குறையும். தரைக்கென்றே செய்த நுரைப் பலகை இந்த எடையைப்போல் பல மடங்கு தாங்கும். சிலர் நாலடி ஆழத்துக்குத் தூண் இறக்கி அதன்மேல் தளத்தை வைக்கச் சொல்வார்கள். அப்போது தளம் தூணில் தொங்கும் பலகையாகிவிடும்; கம்பிக் கணக்கே மாறும், பொறியாளர் வேண்டும். கொல்லைப்புறத் தொட்டிக்கு அது தேவைப்படுவது அபூர்வம். மண்ணோடு சேர்ந்து மிதக்கும் ஒரே துண்டுத் தளம் போதும், அடிமண் சீராக இருந்து தண்ணீர் வடிந்துபோகும் பட்சத்தில். ஆகவே உழைப்பெல்லாம் மீதி இரண்டில், மண்ணை மாற்றுவதிலும் தண்ணீரை விலக்குவதிலும் போக வேண்டும்.

தளம் ஒன்பது அடிச் சதுரமாக இருந்தால் தொட்டியைச் சுற்றி ஓரடி நடை கிடைக்கும். தோண்டும் பள்ளம் ஒவ்வொரு பக்கமும் ஓரடி கூடுதல். கறுப்பு மேல்மண் முழுவதும் வெளியேற வேண்டும். வேரும் புல்லும் மக்கி அமிழும். பொதுவாக ஓரடி ஆழம் வேண்டியிருக்கும். இப்படி எடுத்த மண் உதிர்ந்து பெருகி நாலு கன மீட்டருக்கு மேல் வரும். இரண்டு வீடுகளுக்கு நடுவே நாலடிச் சந்தில் தள்ளுவண்டியில் அதைக் கொண்டு போவதுதான் இந்த வேலையிலேயே முதுகை ஒடிக்கும் பகுதி. விலை சொல்லும்போது அதை மறந்தவர்கள் நட்டப்படுவார்கள்.

பள்ளத்தின் அடியில் களிமண் இருந்தால் அதன்மேல் நெய்த துணி விரிப்பது நல்லது. சரளை களிக்குள் புதையாது, களி மேலே ஏறி வராது. சரளையில் ஒன்டாரியோவில் எல்லோரும் கேட்டு வாங்குவது கிரானுலர் ஏ. முக்கால் அங்குல உடைகல்லில் தொடங்கித் தூள் வரை கலந்திருக்கும், இறுக்கினால் பூட்டிக்கொள்ளும். இந்த அளவுப் பள்ளத்துக்கு எட்டு அங்குலம் இறுக்கிப் போட ஐந்து டன் பிடிக்கும். மொத்தத்தையும் கொட்டிவிட்டு மேலே மட்டும் அதிர்வுத் தகட்டை ஓட்டினால் மேல் நாலு அங்குலம்தான் இறுகும். நாலு நாலு அங்குலமாகப் போட வேண்டும். ஈரமும் சரியாக இருக்க வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. காய்ந்திருந்தால் குழாயால் தெளித்து ஒரு மணி நேரம் விட்டுப் பிறகு ஓட்டுவார்கள். இறுகியதா என்பதைப் பழகிய ஆள் சத்தத்திலேயே அறிவார்: மண்ணில் புதையும் மந்தமான ஓசை மாறி, தகடு கல்லில் மோதித் துள்ளும் ஓசை வரும். காலணிக் குதிகாலைத் திருகிப் பார்த்தால் தடம் விழக் கூடாது. பள்ளம் சுற்றுமண்ணைவிடத் தாழ்ந்த களிமண் கிண்ணமாக இருந்தால், தாழ்ந்த மூலையிலிருந்து துளைக்குழாய் ஒன்றைச் சரளைக்குள் பதித்து வெளியே வடியவிட வேண்டும். இல்லாவிட்டால் போட்ட சரளை முழுவதும் நீர் தேங்கும் தொட்டியாகிவிடும்.

காங்கிரீட்டை அடைத்து நிறுத்தும் சட்டத்துக்கு டூ பை சிக்ஸ் பலகை. கடையில் அந்தப் பெயர் இருந்தாலும் அதன் உயரம் 140 மி.மீ. தான், ஐந்தரை அங்குலம். டூ பை ஃபோர் போட்டு அடைத்தவர் நாலு அங்குலத் தளம் என்று விலை பேசியிருந்தாலும் கிடைப்பது 89 மி.மீ.; சரளை சற்று மேடாக இருக்கும் இடத்தில் அதற்கும் குறையும். தொட்டி விற்பவர்கள் பெரும்பாலும் நாலு அங்குலம் போதும் என்பார்கள். நல்ல மண்ணில் போதும்தான். ஆனால் ஒரு கன மீட்டர் வேலையில் நாலுக்கும் ஐந்தரைக்கும் விலை வித்தியாசம் சிறியது, விறைப்பிலோ வித்தியாசம் பெரியது. கனம் ஒன்றரை மடங்கானால் வளைவைத் தடுக்கும் திறன் மூன்று மடங்குக்கு மேல் ஏறும்; மண் ஓரிடத்தில் சற்று ஏமாற்றினாலும் தளம் ஒரே துண்டாக நிற்கும்.

நாலு பக்கமும் ஒன்பது அடி இருந்தால் மட்டும் சதுரமாகிவிடாது. மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் 12 அடி 8¾ அங்குலம் வர வேண்டும். பலகையை வெளிப்புறம் முளைக்கட்டையோடு திருகாணியால் பிடிப்பது வழக்கம். ஆணி அடித்தால் ஒவ்வோர் அடியிலும் மட்டம் நகரும். தொட்டியின் அடிக்கு மட்டமான தளமே வேண்டும். மழைநீர் வடிய வேண்டுமே என்று உள்முற்றத்துக்குக் கொடுப்பதுபோல் வாட்டம் கொடுக்கும் பழக்கம் கொத்தனார்களுக்கு உண்டு. இங்கே அது கூடாது. தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தால் மட்டும் வீட்டுக்கு எதிர்ப்புறமாக மிகச் சிறிய வாட்டம் கொடுக்கலாம். தண்ணீர் வடிவதைத் தளத்தின் உயரத்தாலும் சுற்றுத் தரையின் சரிவாலும் பார்த்துக்கொள்ள வேண்டும். தளத்தின் முகம் புல்தரையைவிட இரண்டு அங்குலம் எழும்பி நிற்பது நல்லது. வீட்டுச் சுவரையோ பழைய நடைபாதையையோ தொடும் இடத்தில் அரை அங்குலத் தார் நார்ப் பலகை வைத்துப் பிரிக்க வேண்டும். ஒட்டவிட்டால் ஒன்று அசையும்போது மற்றது வெடிக்கும்.

மின்சாரக்காரர் வர வேண்டிய நேரம் இது. பலர் தளம் காய்ந்த பிறகு கூப்பிடுகிறார்கள். தொட்டிக்கு 240 வோல்ட், பெரும்பாலும் 50 ஆம்பியர் தனி இணைப்பு வேண்டும். கசிவைக் கண்டு துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ. பிரேக்கர் கட்டாயம். துண்டிக்கும் பெட்டி தொட்டிக்குள் இருப்பவர் கைக்கு எட்டாத தூரத்திலும், ஆனால் கண்ணுக்குத் தெரியும் இடத்திலும் இருக்க வேண்டும். ஒன்டாரியோவில் இந்த வேலை மின் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவித்துப் பரிசோதனை முடிய வேண்டியது. கம்பி வரும் குழாயைத் தளத்துக்கு அடியில் பதிப்பதானால் எந்தப் புள்ளியில் மேலே எழும்ப வேண்டும் என்பதைத் தொட்டியின் வரைபடத்தைப் பார்த்து அளந்து வைக்க வேண்டும். கம்பி வலையைப் புவி இணைப்போடு சேர்க்க வேண்டுமா என்பதையும் காங்கிரீட் மூடுவதற்கு முன் அவர் வாயாலேயே சொல்லக் கேட்டுவிட வேண்டும். மூடிய பிறகு கேட்டால் பதில் சுத்தியலும் உளியும்தான்.

கம்பிக்குக் கனடாவில் 10எம் என்பது 11.3 மி.மீ. விட்டமுள்ள முறுக்குக் கம்பி. ஓரடிக்கு ஒன்றாக இரண்டு திசையிலும் போட்டுக் கட்டுக்கம்பியால் கட்டினால் இந்தத் தளத்துக்குத் தாராளம். கம்பி காங்கிரீட்டை வெடிக்காமல் தடுப்பதில்லை. வெடித்த இரண்டு துண்டும் விலகாமலும் ஏறி இறங்காமலும் பிடித்துவைக்கிறது. அது கனத்தின் நடுவில் இருந்தால்தான் வேலை செய்யும். மலிவான வேலையில் மெல்லிய வலையைச் சரளைமேல் விரித்துவிட்டு, கலவை கொட்டும்போது கொக்கியால் தூக்கிக்கொள்வோம் என்பார்கள். தூக்குவார்கள், அடுத்த தள்ளுவண்டிக்காரர் அதே இடத்தில் மிதிப்பார். பின்னாளில் உடைக்கப்படும் தளங்களில் வலை அடியில் சரளையோடு ஒட்டித் துருப்பிடித்துக் கிடப்பதைத்தான் காண முடிகிறது. இரண்டரை அங்குலக் கவர் பிளாக்கை மூன்றடிக்கு ஒன்றாக வைத்துக் கம்பியை உட்காரவைத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

இனி கலவை. தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ வேலை பழகி வந்த கொத்தனாருக்குக் காங்கிரீட்டின் எதிரி வெயில். சீக்கிரம் காயாமல் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவார். கலவைக்குள் காற்று தங்குவதைக் குறை என்று கருதிக் குத்திக் குத்தி வெளியேற்றுவார். கனடாவில் வெளியே கிடக்கும் காங்கிரீட்டுக்குள் காற்றை வேண்டுமென்றே வைக்கிறார்கள். தனி மருந்து ஒன்று கலந்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழிகள் கலவை முழுவதும் பரவும். காங்கிரீட்டுக்குள் ஊறிய நீர் உறைந்து பெருகும்போது அந்தக் குமிழிகளுக்குள் இடம் தேடிக்கொள்ளும். குமிழி இல்லாத காங்கிரீட்டின் மேல்தோல் இரண்டு மூன்று பனிக்காலத்தில் செதில் செதிலாக உரிந்துவிடும். தொட்டியைச் சுற்றிய நடை எப்போதும் ஈரமாக இருக்கும், வழுக்காமலிருக்க உப்பும் தூவப்படும். செதில் உரிய இதைவிடத் தோதான இடம் இல்லை. ஆகவே ஆலையில் கேட்க வேண்டியது சி.எஸ்.ஏ. தரநிலையில் சி-2 வகை: 32 மெகாபாஸ்கல், நீர்-சிமென்ட் விகிதம் 0.45க்கு மேற்படாமல், காற்று 5 முதல் 8 சதவீதம்.

ஒன்பது அடிச் சதுரத்துக்கு 140 மி.மீ. கனத்தில் ஒரு கன மீட்டருக்குச் சற்று மேல் வரும். சரளையின் மேடுபள்ளத்துக்கும் சிந்தலுக்கும் சேர்த்து 1.2 கேட்பது வழக்கம். மூட்டைக் கலவையில் போட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் கணக்குப் பார்க்க வேண்டும். 30 கிலோ மூட்டை 14 லிட்டர்தான் தரும். எண்பது மூட்டை வரை வேண்டும். கடைசி மூட்டை கலக்கும்போது முதல் மூட்டை இறுகியிருக்கும். மூட்டைகள் பெரும்பாலும் குமிழி மருந்து இல்லாதவையும்கூட. வந்து நின்ற இடத்திலேயே கலந்து, கொடுத்த அளவுக்கு மட்டும் பணம் வாங்கும் சிறிய லாரிகள் இப்போது கிடைக்கின்றன. இந்த அளவு வேலைக்கு அவையே பொருத்தம்.

லாரி வந்ததும் யாராவது ஒருவர் "கொஞ்சம் தண்ணீர் விடுங்கள்" என்பார். தள்ளுவண்டியில் ஓடுகிறவருக்கு இளகிய கலவை எளிது; மட்டம் பிடிக்கிறவருக்கும் எளிது. அந்தத் தண்ணீர் பலத்தைக் குறைக்கும், சுருக்கத்தைக் கூட்டும், மேல்தோலைப் பலவீனமாக்கும். எட்டு செ.மீ. ஸ்லம்ப், அதாவது இளக்க அளவு, உள்ள கலவையே இறங்க வேண்டும். இளக்கம் கட்டாயம் வேண்டுமென்றால் ஆலையிலேயே இளக்கும் மருந்து சேர்க்கச் சொல்லலாம். ஈரச் சிமென்ட் தோலை அரிக்கும் என்பதால் முழங்கால் வரை ரப்பர்க் காலணியும் கையுறையும் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. மாலையில் வலி தெரியும்போது புண் விழுந்திருக்கும்.

சரளையை முன்கூட்டியே நனைத்து, தேங்கிய நீர் இல்லாமல் பார்த்துக்கொண்டு, தூரத்து மூலையிலிருந்து கொட்டிக்கொண்டு வருவார்கள். ஓரப் பலகைகளைச் சுத்தியலால் தட்டினால் பக்கவாட்டில் தேன்கூடுபோல் ஓட்டை விழாது. பிறகு இரண்டு பேர் நேரான மட்டக்கட்டையை இரண்டு பலகைமேலும் வைத்து அறுப்பதுபோல் இழுத்து மட்டம் பிடிப்பார்கள். கட்டைக்கு முன்னால் எப்போதும் ஒரு கைப்பிடி உயரத்துக்குக் கலவை உருண்டு வர வேண்டும். அது தீர்ந்த இடம்தான் பிறகு பள்ளமாகத் தெரியும். இரண்டாம் முறை குறுக்காக ஒரு இழுப்பு. உடனே நீண்ட கைப்பிடி மட்டப்பலகையால் ஒருமுறை தடவி, கல்லை உள்ளே அமுக்கிவிட்டு எல்லோரும் எட்ட நிற்க வேண்டும்.

அடுத்து வருவது காத்திருப்பு. அவசரக்காரர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். சிறிது நேரத்தில் முகத்தில் மெல்லிய நீர்ப்படலம் கசிந்து பளபளக்கும். அது இருக்கும்போது கரணை வைத்துத் தேய்த்தால் அந்த நீர் மேல்தோலுக்குள்ளேயே கலந்து, அடுத்த பனிக்காலத்தில் அந்தத் தோல் கழன்று வரும். சிமென்ட் தூள் தூவி அதை உறிஞ்சவைப்பது இன்னும் கேடு. படலம் தானாக மறைந்து, பளபளப்பு மங்கி, விரலால் அழுத்தினால் கால் அங்குலத் தடம் விழுந்து விரலில் பசை ஒட்டாமல் வரும்போது வேலை தொடங்கலாம். குளிர்ந்த நாளில் இதற்கு மூன்று மணி நேரமும் ஆகும், ஆடி மாத வெயிலில் முக்கால் மணி நேரத்திலேயே வந்துவிடும். ஓரத்தை வளைகரணையால் உருட்டிவிட்டு, மரப் பலகையாலோ மக்னீசியப் பலகையாலோ ஒரு தடவல், பிறகு நனைத்து உதறிய துடைப்பத்தால் ஒரே திசையில் ஒரு இழுப்பு. எஃகுக் கரணையால் கண்ணாடிபோல் மெழுகுவது நம் ஊர்த் திண்ணைக்கு அழகு. காற்றுக் குமிழியுள்ள காங்கிரீட்டில் அது தோலைத் தனியாகப் பிரித்துவிடும், ஈரக் காலுக்கு வழுக்கவும் செய்யும். இந்த அளவுத் தளத்துக்கு நடுவில் வெட்டுக்கோடு தேவையில்லை.

துடைப்பக் கோடு கலையாத அளவு இறுகியதும் நனைத்த சாக்கு விரித்து அதன்மேல் பிளாஸ்டிக் போர்த்தி ஏழு நாள் ஈரம் காக்க வேண்டும். அந்த ஏழு நாளும் காங்கிரீட் 10 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்பதால், ஐப்பசி பிறந்த பிறகு போடும் தளத்துக்குக் குளிர்காப்புப் போர்வை வேண்டும். உறைந்த தரைமேல் ஒருபோதும் போடக் கூடாது. ஆவணிக்குள் முடித்துவிட்டால் முதல் உறைபனிக்கு முன் உலர நாள் கிடைக்கும். அந்த உலர்ச்சி முதல் பனிக்காலத்துக்கு மிக முக்கியம். முதல் ஆண்டு உப்புத் தூவாமல் மணலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தொட்டியை ஏழாம் நாளுக்குப் பிறகு இறக்கலாம். முழுப் பலம் 28ஆம் நாள் கணக்கு என்றாலும் பாரம் சிறியது.

தொட்டி பக்கவாட்டில் நிறுத்தி உருளைப் பலகையில் வரும். சந்தில் எரிவாயு மீட்டரும் ஏசியின் வெளிப்பெட்டியும் எவ்வளவு துருத்துகின்றன என்பதை முன்பே அளந்திருக்க வேண்டும். இறக்கி வைத்த பிறகு ஒரு மூலை ஆடினால் மரச்சீவல் செருகும் வழக்கம் உண்டு. தொட்டியின் அடி முழுவதும் தளத்தில் படிய வேண்டும். மூலையில் மட்டும் சீவல் வைத்தால் எடை அந்தப் புள்ளிகளில் இறங்கி ஓடு முறுகும். தண்ணீர் நிறைந்ததும் நாலு பக்கமும் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை அளந்து எழுதி வைத்துக்கொள்ளும் வழக்கம் நல்லது. அடுத்த சித்திரையில் மண் இளகியதும் அதே நாலு இடத்தில் அளந்தால் தளம் அசைந்ததா, எந்தப் பக்கம் அசைந்தது என்பது தெரிந்துவிடும்.

தளத்தைச் சுற்றிய மண்ணை வெளிப்புறம் சரியும்படி நிரப்பி, ஓரடி அகலத்துக்குக் கூழாங்கல் போட்டால் ஓரத்தில் சேறு தெறிக்காது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீரை மாற்ற வேண்டியிருக்கும். அடிக்குழாயைத் திறந்துவிட்டால் ஒன்றரை டன் தண்ணீர் தளத்தின் ஓரத்திலேயே இறங்கிச் சரளைக்குள் போகும். நீண்ட குழாய் மாட்டித் தூரத்துக்குக் கொண்டு போக வேண்டும். குளோரின் உள்ள நீரைத் தெருவோர மழைநீர் வடிகாலில் விடக் கூடாது. அது நேரே ஓடைக்கும் ஏரிக்கும் போகும். நகராட்சி அனுமதிக்கும் இடத்தில் வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் விடுவதே வழி. பனிக்காலத்துக்கு முந்திய கடைசி மாற்றத்தை ஐப்பசிக்குள் முடித்துக்கொண்டால், மண் உறையத் தொடங்கும்போது தளத்தின் அடி உலர்ந்திருக்கும்.